விழுந்த நட்சத்திரத்துக்கு ஐந்து பூ

மல்லி. கனகாம்பரம். அப்புறம் என்ன. மல்லி, கனகாம்பரம், அப்புறம். கண்ணை மூடிக்கொண்டு சொன்னால்தான் சேர்த்தி என்பாள் அம்மா, ஆனால் கண்ணை மூடினால் தூளி ஆடுவது தெரிகிறது, உடனே திறந்துவிடுகிறேன், திறந்தால் வானம், இந்தப் பாழாய்ப்போன வானம், இதைப் பார்க்கத்தானே நின்றேன். இப்போதுதான் விழுந்தது. கிழக்கே, செல்போன் கோபுரத்துச் சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில், தீக்குச்சியைச் சுவரில் இழுத்த மாதிரி ஒரு கோடு, ஒரு சத்தமும் இல்லை, இருந்ததா என்று கேட்பதற்குள் இல்லை. நட்சத்திரம் விழுவதைப் பார்த்துவிட்டால் உடனே ஐந்து பூவின் பேரைச் சொல்லிவிட வேண்டும், சொல்லாவிட்டால் மறதி வந்துவிடும், படித்ததெல்லாம் அழிந்துபோகும் என்பது எங்கள் வீட்டுப் பயம். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு, அது அழிந்தால் அழியட்டும். மறக்கக் கூடாத ஒன்று இரண்டாம் மாடியில் தூளிக்குள் தூங்குகிறது. ஏழு மாசம். அந்த வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுத்தான் வந்தேன், சாவி என் கைக்குள்தான் இருக்கிறது, இறுக்கிப் பிடித்ததில் அதன் பல் உள்ளங்கையில் பதிந்துவிட்டது. நான் நிற்பது நாலு மாடிக்கும் மேலே, மொட்டைமாடியில். இந்தக் கதவையும் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். இந்தச் சாவிதான் என்னிடம் இல்லை.

துணி எடுக்க வந்தேன். கொடியில் கிடந்தது பாப்பாவின் சட்டை ஏழு, இடுப்புத் துணி பதினொன்று, அவருடைய காக்கிச் சட்டை ஒன்று, என் துண்டு ஒன்று. எடுத்துக்கொண்டு இறங்க இரண்டு நிமிஷம், அதனால்தான் போனைக்கூட எடுக்கவில்லை, அது டிவி பக்கத்தில் சார்ஜில் கிடக்கிறது. செருப்புச் சத்தம் கேட்டபோது நான் கைப்பிடிச் சுவரோரம் நின்றிருந்தேன். நாலாம் மாடி செக்ரெட்டரி சார். யாரோ பையன்கள் பாட்டில் போட்டு உடைத்ததிலிருந்து தினமும் ஆறரைக்கு மாடியைப் பூட்டுகிறார், எனக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும். நான் நைட்டியில் இருந்தேன். வெளியே வரும்போது மேலே போட்டுக்கொள்கிற துண்டு கொடியில் அந்தக் கோடியில் கிடந்தது, அதை எட்டுவதற்குள் அவர் உள்ளே வந்துவிடுவார். வெறும் நைட்டியோடு அவர் எதிரில் எப்படி நிற்பது. கால் தானாகத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டது. நான் போகவில்லை, கால் போனது. அவர் டார்ச்சை ஒரு சுற்றுச் சுற்றினார். "யாராவது இருக்கீங்களா?" என்றார். கேட்டாரே. வாயைத் திறந்து கேட்டாரே மனுஷன். சார் என்று ஒரே ஒரு சொல். அதைச் சொல்ல நாக்கு மேலே போக வேண்டும், பல்லைத் தொட வேண்டும், அவ்வளவு வேலைதான். தொட்டியின் கறுப்பு முதுகில் முகத்தை ஒட்டிக்கொண்டு, பகல் வெயிலின் சூடு இன்னும் அதில் இருந்தது, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன், திருடி மாதிரி. பூட்டு விழுந்தது. அப்புறம் அவர் ஸ்கூட்டர் கிளம்பிப் போனதையும் மேலே இருந்து பார்த்தேன். கோயிலுக்குப் போகிறார், கார்த்திகை மாசம், எட்டு மணிக்கு மேல்தான் வருவார்.

எட்டு மணி. இப்போது ஏழாகியிருக்குமா. மணி பார்க்க ஒன்றும் இல்லை, வானம்தான் இருக்கிறது, வானத்தில் மணி பார்க்கத் தெரிந்தவள் மாதிரி அண்ணாந்து பார்க்கிறேன். நேற்று ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே பாப்பாவின் அப்பா போனில் படித்துக் காட்டினார். "ஏ புள்ள, இங்க கேளு. இந்த வாரம் வானத்துல என்னென்ன பாக்கணும்னு போட்டிருக்கான். பொழுது விழுந்ததும் மேற்க வெள்ளி, பளீர்னு நிக்குமாம். கிழக்க கார்த்திகைக் கூட்டம், ஆறும் கண்ணுக்குத் தெரியுதான்னு எண்ணிப் பாக்கணுமாம். எட்டு மணிக்கு மேல மூணு மீனு ஒரே கோட்டுல எந்திரிக்கும். அப்புறம் எரிநட்சத்திரம், அதுக்கு நேரம் காலம் கெடையாது, அதிர்ஷ்டம் இருக்கறவன் பாப்பான்." சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார். "நீதான் துணி எடுக்க மாடிக்குப் போறியே, எனக்கும் சேத்துப் பாத்துட்டு வா. நான் தண்ணி லாரியில இருந்து பாத்தா முன்னால போற பஸ்ஸோட பின்பக்கம்தான் தெரியுது." நான் சரி மாமா என்றேன். அதைத்தான் செய்தேன். மேற்கே வெள்ளி இருந்தது, பார்த்தேன். நிலா இன்னும் வரவில்லை, வானம் கழுவிவிட்ட மாதிரி கிடந்தது, நேற்று வரைக்கும் மழை. கிழக்கே கார்த்திகை, ஒரு பிடி அரிசியை இறைத்த மாதிரி, எண்ணினேன், ஐந்து, இன்னொரு தடவை எண்ணினேன், ஐந்து, ஆறாவது நேராகப் பார்த்தால் இல்லை, ஓரக்கண்ணால் பார்த்தால் இருக்கிறது. என்னைப் போலக் கூச்சம் அதற்கு என்று நினைத்துச் சிரிப்புக்கூட வந்தது. எத்தனை நேரம் எண்ணினேன். அந்த நேரம் முழுக்கப் பாப்பா எனக்கு ஞாபகத்தில் இல்லை. இதை யாரிடம் சொல்வேன். இடுப்பு லேசாக இருந்தது, கை லேசாக இருந்தது, கல்யாணம் ஆகாத பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தேன், எனக்குப் பிடித்திருந்தது. செருப்புச் சத்தம் கேட்டபோதுகூட முதலில் வந்தது பாப்பா இல்லை, நைட்டிதான். நட்சத்திரம் அதற்குப் பிறகுதான் விழுந்தது. மறதி அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது.

தூங்குகிறாள். ஆறேகாலுக்குப் பால் கொடுத்துப் போட்டேன், ஒரு மணி நேரம் தூங்குவாள், சில நாள் ஒன்றரை மணி நேரம்கூட. சில நாள் அரை மணி. தூளிக் கொக்கி கெட்டிதான், அவர் தொங்கிப் பார்த்துத்தான் மாட்டினார். கீழே ரெண்டு தலையணையும் மடித்த கம்பளியும் போட்டிருக்கிறேன், விழுந்தாலும் அடிபடாது. விழுவதைப் பற்றி இல்லை பயம். போன செவ்வாய்க்கிழமை எழுந்தவள் புரண்டுவிட்டாள், தூளியை அகலமாக்கப் போட்ட கட்டை ஒரு பக்கம் நழுவி, சேலை முறுக்கிக்கொண்டு, ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நான் அடுப்பில் இருந்தேன், பத்தடிதான். முறுக்கு இன்னும் கொஞ்சம் மேலே ஏறியிருந்தால். ஏறவில்லை. ஏறியிருந்தால். இனிமேல் தூளி வேண்டாம், தரையில் போடு, பிள்ளை வளர்ந்துவிட்டது என்று எதிர்வீட்டு ஜெசிந்தா அக்கா அன்றைக்கே சொன்னார்கள். நான் தலையை ஆட்டினேன். நான் எல்லாவற்றுக்கும் தலையைத்தான் ஆட்டுவேன். "உனக்கு வாயை வாடகைக்கு விட்டுட்டாங்களாடி?" என்று கேட்டு அவர்களே சிரித்துக்கொள்வார்கள். இந்த வீட்டுக்கு வந்து பதினொரு மாசம், அவர்களிடம் நான் பேசியதை விரல்விட்டு எண்ணிவிடலாம், மூணாம் மாடியில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது, செக்ரெட்டரி சார் பேர் என்ன என்று தெரியாது. பேர் தெரியாமல் எப்படிக் கூப்பிடுவது.

கதவைத் தட்டாமல் இல்லை. இரும்புக் கதவு, உள்ளங்கையால் அடித்தேன், சாவியால் அடித்தேன், அடித்துவிட்டு இவ்வளவு சத்தமா என்று நானே பயந்து நிறுத்திவிட்டு, மறுபடியும் அடித்தேன். பின்தெருவில் மாலை போட்டவர்கள் பந்தல் கட்டி ஒலிபெருக்கி வைத்திருக்கிறார்கள், சரணம் சரணம் என்று அது என் அடியை அப்படியே விழுங்கிவிடுகிறது. செக்ரெட்டரி வீட்டு அம்மாவுக்குக் காது மந்தம், டிவியை நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கைப்பிடிச் சுவரில் வயிற்றை வைத்துக் குனிந்து பார்த்தேன். கீழே பால்கனிகளில் கார்த்திகை விளக்கு ரெண்டு ரெண்டாக எரிகிறது, ஒரு தலையும் தெரியவில்லை. ஏங்க என்றேன். அது எனக்கே கேட்கவில்லை. அக்கா என்றேன், அது சரணத்துக்கு நடுவில் எங்கோ விழுந்தது. காப்பாத்துங்க என்று கத்தலாம். காப்பாத்துங்க என்றால் ஊரே கூடும், நைட்டியோடு ஒரு பொம்பளை மாடியில் நிற்கிறாள் என்று கீழே கூட்டம் கூடி அண்ணாந்து பார்க்கும், போலீஸ் வரும், பிள்ளையைப் பூட்டிவிட்டு மேலே என்னம்மா பண்ணின என்று கேட்பார்கள், நட்சத்திரம் பார்த்தேன் என்று சொல்வேனா. துண்டு இப்போது தோளில்தான் கிடக்கிறது. வெட்கப்பட வேண்டிய நேரத்தில் இல்லாத துண்டு. பாப்பாவின் சிவப்புச் சட்டையைச் சுருட்டிக் கீழே போட்டேன், யாராவது பார்த்துவிட்டு அண்ணாந்து பார்ப்பார்கள் என்று. அது காற்றில் விரிந்து, கையை நீட்டிக்கொண்டு போய், மூணாம் மாடி ஜன்னல் மேல் இருக்கிற தளத்தில் விழுந்து அப்படியே கிடக்கிறது. ஏன் போட்டேன். இப்போது அதைப் பார்க்க முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

அழுகிறாளா. அது அழுகையா. பூனையா. சீரியலில் ஒரு குழந்தை அழுகிறது, ஏழு மணி சீரியலில் எப்போதும் ஒரு குழந்தை அழும். சத்தத்தைப் பிரிக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். என் பிள்ளை அழமாட்டாள். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மாவே சொன்னார்கள், இருக்கிற இடம் தெரியாத பிள்ளை என்று. பார்க்கிறவர்கள் எல்லாரும் அதையேதான் சொல்கிறார்கள், எவ்வளவு சமத்து, பசித்தால்கூட விரலைச் சப்பிக்கொண்டு கிடக்கிறது. எனக்குப் பெருமையாக இருக்கும். என்னையும் அப்படித்தான் சொல்வார்கள், ஜோதி இருக்கிற இடமே தெரியாது என்று, பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட அதைச் சொல்லித்தான் காட்டினார்கள். அழாத பிள்ளை விழித்துக்கொண்டால் எனக்கு எப்படித் தெரியும். அழாத பிள்ளை முறுக்கில் மாட்டிக்கொண்டால் பத்தடியில் இருந்தால்கூட எப்படித் தெரியும்.

மல்லி. கனகாம்பரம். சொல்லிவிடு ஜோதி, சொல்லிவிட்டால் ஒன்றும் ஆகாது, ஐந்தையும் சொல்லிவிட்டால் தூங்கிக்கொண்டிருப்பாள், செக்ரெட்டரி சார் எதையாவது மறந்துவிட்டுத் திரும்பி வருவார். மல்லி, கனகாம்பரம். பூக்காரி மகள் மூணாவது பூ தெரியாமல் நிற்கிறாள், அம்மா கேட்டால் கூடையைக் கீழே போட்டுவிட்டுச் சிரிப்பாள். ரோஜா என்று ஒன்று உண்டு, அதை நாங்கள் விற்றதில்லை, விற்காத பூவைச் சொன்னால் பலிக்குமா. மரிக்கொழுந்து விற்றோம், அது பூ இல்லை, இலை. பூவைப் பார்த்தால் பேர் வரும், தொட்டால் வரும், இருட்டில் காம்பைத் தடவியே சொல்லுவேன், நாலு பூவுக்கு ஒரு முடிச்சு, நாலுக்கு ஒரு முடிச்சு, அஞ்சாம் வகுப்பை விட்டதிலிருந்து கல்யாணம் வரைக்கும் கட்டியது எத்தனை ஆயிரம் முழம், விரல் மறக்கவில்லை, வாய்தான் மறந்துவிட்டது. வாய்க்கு என்றைக்குத் தெரிந்தது. அம்மா வத்தலக்குண்டில் பதினொரு தெரு சுற்றுவாள், நான் பின்னாலேயே கட்டின பூப்பந்தைத் தூக்கிக்கொண்டு நடப்பேன், அவள் கூவும்போது நான் மண்ணைப் பார்ப்பேன். என்னோடு படித்த பிள்ளைகள் ஜன்னலில் நிற்பார்கள். "நீயும் கூவுடி" என்பாள். மாட்டேன். ஒரு நாள் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, காற்றுதான் வந்தது. கூடையை என் இடுப்பில் வைத்து அனுப்பிவிட்டாள். எனக்குப் பதிமூணு வயசு. பதினொரு தெருவும் நடந்தேன். ஒரு தெருவிலும் வாயைத் திறக்கவில்லை. யாராவது தானாகப் பார்த்துக் கூப்பிடுவார்கள் என்று ஒவ்வொரு வாசலிலும் கொஞ்சம் நின்று நின்று போனேன். ஒருத்தரும் பார்க்கவில்லை, விளக்கு வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். கூடை நிறையப் பூவோடு திரும்பி வந்தேன், மல்லி பழுத்துப் போயிருந்தது. அம்மா அடிக்கவில்லை. கூடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வராத தொண்டையில் சொன்னாள், "ஒன் வாயில என்னடி, கொழுக்கட்டையா? பூ என்ன பாவம் பண்ணுச்சு?" எல்லாவற்றையும் வாய்க்காலில் கொட்டினோம். அது மிதந்து போனதை நான் பார்க்கவில்லை, அப்போதும் மண்ணைத்தான் பார்த்தேன்.

பூ என்ன பாவம் பண்ணியது. பாப்பா என்ன பாவம் பண்ணினாள். எட்டு மணி வரைக்கும் நிற்பேனா நான். நிற்பேன். அதுதான் பயமாக இருக்கிறது, என்னால் நிற்க முடியும், பல்லைக் கடித்துக்கொண்டு மூணு மீன் எழும்புகிற வரைக்கும் இங்கேயே நின்றுவிடுவேன், யாராவது தானாகப் பார்த்துக் கூப்பிடுவார்கள் என்று. மல்லி. கனகாம்பரம். ஒவ்வொன்றாகத் தேடினால் வராது. அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னதே இல்லையே. அவள் இழுத்தாள் அல்லவா, ஒரே மூச்சில், வயிற்றில் இருந்து, தொண்டையில் இருந்து கூவினால் மூணு தெருவில் கட்டிக்கொள்ளும் என்பாள், கடைசிப் பூவை விட்டுவிடாமல் இழுத்துக்கொண்டே அடுத்த வாசலுக்குப் போவாள். பூவேய். முதலில் அது வரும். பூவேய் என்று சும்மா உதட்டில் வைத்துப் பார்க்கிறேன். பூவேய். ஒலிபெருக்கியில் பாட்டு முடிந்து அடுத்தது ஆரம்பிக்க ஒரு சின்ன இடைவெளி, அதில் நாய் குரைப்பது கேட்கிறது, அதில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, கீழே இருந்து ஒன்றுமே கேட்கவில்லை, அந்த ஒன்றும் இல்லாததுதான் என்னைச் சுவரோரம் தள்ளியது. துண்டை இழுத்துப் போர்த்தவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"பூவேய்! மல்லி கனகாம்பரம் பிச்சி செவ்வந்தி டிசம்பரேய்!"

அது என் குரல் இல்லை. அம்மா குரல். பிச்சி, செவ்வந்தி, டிசம்பர், இத்தனை நாளும் அந்த இழுப்புக்குள்ளேதான் உட்கார்ந்திருந்தன, ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு வந்து விழுந்தன. எதிர் பில்டிங் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. இன்னொரு தடவை கூவினேன். மூணாவது தடவை கூவும்போது ஒலிபெருக்கி மறுபடியும் ஆரம்பித்துவிட்டது, நான் நிறுத்தவில்லை, அதற்கு மேலே ஏறிப் போனேன், எனக்கு ஏறத் தெரிந்திருக்கிறது. மூணாம் மாடி பால்கனியில் ஒரு தலை நீண்டது. தெருவைப் பார்த்தது.

"பூக்காரம்மா! மொழம் எவ்ளோ? எங்க நிக்கிற நீ?"

"மேல."

"மேலயா?" தலை அண்ணாந்தது, ஈரத் துண்டு சுற்றின தலை. "மேல எப்படி ஏறின பூ விக்க?"

"பூ இல்லக்கா. மாடில வச்சுப் பூட்டிட்டாங்க. ரெண்டாம் மாடி நானு. பாப்பா தனியா இருக்குக்கா, வீடு பூட்டிருக்கு, தொறக்கச் சொல்லுங்க!" இத்தனை சொல்லை ஒரே மூச்சில் நான் சொன்னேன். அதற்குக் கீழே இன்னொரு தலை, ஜெசிந்தா அக்கா, "யாரு, எங்க எதிர்வீட்டுப் பொண்ணா? அது பேசவே பேசாதேம்மா!" என்று சொல்லிக்கொண்டே அண்ணாந்து பார்த்து, "ஐயோ ஏசுவே, அதேதான். இருடி, செக்ரெட்டரி வீட்டம்மாகிட்ட இன்னொரு சாவி இருக்கு, இருடி வரேன், அழாத" என்று ஓடினார்கள். நான் அழவில்லை. கதவுக்கு வந்து, காதை வைத்துக்கொண்டு, நிறுத்தாமல் கூவிக்கொண்டிருந்தேன். நிறுத்தினால் மறந்துவிடுவார்கள் என்று. படியில் செருப்பு ஏறுகிற சத்தம், காது மந்தமான அம்மா யாரு யாரு என்று கேட்கிற சத்தம், தப்பான சாவி, தப்பான சாவி, சரியான சாவி.

படியில் கால் பட்டதா என்று தெரியவில்லை. என் வீட்டுப் பூட்டில் சாவி போக மாட்டேன் என்றது, திருப்பிப் போட்டேன், போனது. ராவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. தூளி ஆடவில்லை. கட்டை ஒரு பக்கம் நழுவிக் கிடக்க, சேலை முறுக்கிக்கொண்டு, ஒரு கால் வெளியே, முழங்காலுக்குக் கீழே ரெண்டு சுற்று. பிளந்த இடத்தில் முகம். கண் திறந்திருந்தது. திறந்து என்னையே பார்த்தது. பார்க்கிறாள். வாயில் முழு முஷ்டி, இமை எல்லாம் ஈரம், முகம் குங்குமமாக இருக்கிறது, ஒரு சத்தம் இல்லை. எத்தனை நேரமாகக் கிடக்கிறாள் இப்படி, யாராவது தானாக வந்து பார்ப்பார்கள் என்று. சேலையைப் பிரித்தேன். காலில் சிவப்பாக ஒரு வளையம், ஊதினேன், விரல் அசைந்தது, ஐந்து விரலும் அசைந்தது. தூக்கினேன். தோளில் போடவில்லை, தட்டவில்லை. வாயில் இருந்த முஷ்டியை எடுத்துவிட்டு முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

"அழுடி" என்றேன். "அம்மா வந்துட்டேன், அழு. சத்தமா அழு."

உதடு பிதுங்கியது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, ஆறாவது நட்சத்திரம் மாதிரி, இருக்கிறதா இல்லையா என்று. அப்புறம் வந்தது. வயிற்றில் இருந்து வந்தது, வீடு கொள்ளாமல், நாலு மாடிக்கும் கேட்கிற மாதிரி. வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு ஜெசிந்தா அக்கா, அவர்களுக்குப் பின்னால் மூணாம் மாடி அக்கா, அவர் கையில் ஒட்டடைக் குச்சி, குச்சி நுனியில் சிவப்புச் சட்டை.

"ஐயோ, என்னடி இந்தக் கத்துக் கத்துது புள்ள. தட்டிக் குடு, சமாதானம் பண்ணு."

"கத்தட்டும்க்கா" என்றேன்.